டிசம்பரில் பாம்பெர்க்: குளிர்கால பாக் பீரைத் தேடிப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நியூரம்பெர்க்கில் இருந்து வடக்கே ஒரு மணி நேர ரயில் தூரத்துக்குள் இருக்கும் ஊர் பாம்பெர்க். தன் பீரைத் தானே காய்ச்சித் தன் கூடத்திலேயே ஊற்றிக் கொடுக்கும் ப்ரூவரிகள் இங்கே நடந்து போகும் தூரத்தில் பல இருக்கின்றன. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஜெர்மனிக்கு வரும் நண்பர்களையும், படிக்க வந்த மாணவர்களையும் ஒவ்வொரு வருடமும் அங்கே கூட்டிப் போகிறேன். முதல்முறை வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். எதை முதலில் குடிப்பது, எங்கே கடைசியாக உட்காருவது, எந்த நாளில் கிளம்புவது என்ற மூன்றும் சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் தேதி

டிக்கெட்டோ ஹோட்டலோ பார்ப்பதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். "கிறிஸ்துமஸ் நேரம்தானே, எல்லாம் திறந்திருக்கும்" என்று நினைத்து டிசம்பர் 24 மாலை வந்து இறங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியில் அந்த மாலை வீட்டுக்குள் கழிக்கும் மாலை. மதியத்தோடு கடைகள் அடைத்துவிடும், தெரு வெறிச்சோடிவிடும். நம் ஊரில் தீபாவளி அன்று காலையில் ஹோட்டல் தேடி அலைவது போன்ற நிலைமை.

25, 26 இரண்டும் அரசு விடுமுறை. திறந்திருக்கும் உணவகங்களிலும் மதிய மேசைகளைக் குடும்பங்கள் முன்பே பிடித்து வைத்திருக்கும். 31 அன்று பல இடங்கள் சீக்கிரம் மூடிவிடும். ஜனவரி 6 பவேரியாவில் விடுமுறை. அதற்குப் பிறகு சில ப்ரூவரிகள் ஓரிரு வாரம் மொத்தமாக அடைத்துவிட்டு ஓய்வுக்குப் போய்விடும்.

ஆக, நல்ல நாட்கள் இரண்டு தொகுதி. டிசம்பர் முதல் மூன்று வாரங்களின் வார நாட்கள் ஒன்று, 27 முதல் 30 வரை இன்னொன்று. என்னைக் கேட்டால் முதலாவதுதான். கிறிஸ்துமஸ் சந்தையும் நடந்துகொண்டிருக்கும், செவ்வாய், புதன் மதியங்களில் உட்கார இடமும் கிடைக்கும். சனிக்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இதோடு 'ரூஹெடாக்' என்ற சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு நாள் உண்டு, அதன் பெயர் அது. இணையத்தில் ஏதோ ஒரு பட்டியலில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாமல், அந்தந்த ப்ரூவரியின் சொந்தப் பக்கத்தில் பாருங்கள். விடுமுறைக் கால மாற்றங்கள் அங்கேதான் முதலில் வரும்.

2. பாக் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள்

பாக் என்பது சாதாரண லாகரைவிடக் கெட்டியான, வலுவான பீர். காய்ச்சும் சாற்றில் மால்ட்டிலிருந்து, அதாவது முளைவிட்டுக் காயவைத்த பார்லியிலிருந்து, கரைந்து வரும் சத்து எவ்வளவு என்பதுதான் கணக்கு. நூறு கிராம் சாற்றில் பதினாறு கிராமாவது இருந்தால்தான் ஜெர்மனியில் அதை பாக் என்று விற்கலாம். டோப்பல்பாக் என்றால் பதினெட்டு. சாதாரண பீரில் அது பதினொன்று, பன்னிரண்டு அளவில்தான் இருக்கும். சத்து கூடினால் ஆல்கஹாலும் கூடும், நிலவறைக் குளிரில் அது பக்குவப்பட எடுக்கும் நாட்களும் கூடும்.

பாம்பெர்க்கில் அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை ஒவ்வொரு ப்ரூவரியாக முறை வைத்து முதல் பாக் பீப்பாயைத் திறக்கும். அந்தத் திறப்பு நாளில் மதியத்திலேயே கூட்டம் நெருக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு அது திருவிழா. புதிதாக வருகிறவர் அன்று போனால் நின்றுகொண்டே குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ருசி பார்ப்பதே நோக்கம் என்றால், திறப்பு முடிந்து ஒரு வாரம் கழித்துப் போங்கள்.

ரொம்பவும் தள்ளிப் போடவும் கூடாது. சின்ன ப்ரூவரிகள் பருவத்துக்கு ஓரளவுதான் பாக் காய்ச்சும். பீப்பாய் தீர்ந்தால் அடுத்த வருடம்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் தொலைபேசியில் "கிப்ட் எஸ் நோஹ் பாக்பியர்?" என்று கேளுங்கள். 'பாக் பீர் இன்னும் இருக்கிறதா' என்று அர்த்தம். 'பியர்' என்பதை விட்டுவிட்டு "ஹாபன் ஸீ நோஹ் பாக்?" என்று கேட்காதீர்கள். பேச்சு ஜெர்மனில் அதற்கு 'உங்களுக்கு இன்னும் உற்சாகம் இருக்கிறதா' என்று ஆகிவிடும்.

3. ஒரு நாளுக்கு இரண்டு இடம் போதும்

வருகிற எல்லோரும் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். ஆறு ப்ரூவரி, எட்டு ப்ரூவரி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். பெங்களூரு ப்ரூபப்களில் மரத்தட்டில் ஐந்து சின்ன கிளாஸ் வைத்துக் கொடுப்பார்களே, அந்தப் பழக்கம்.

பாம்பெர்க்கில் அது பலிக்காது. பழைய கூடங்களில் அரை லிட்டர்தான் அளவு, அதன் பெயர் 'ஸைட்லா'. ருசி பார்க்கும் சின்ன கிளாஸ் அநேகமாக எங்கும் கிடையாது. அளவு ஒரு பக்கம் இருக்கட்டும், முக்கியமான காரணம் வேறு. இந்த ஊரின் புகை பீர் முதல் வாயில் தன் முகத்தைக் காட்டாது. அரை கிளாஸாவது உள்ளே போக வேண்டும். நாலு பேர் ஒரே கிளாஸைக் கைமாற்றி ஆளுக்கு இரண்டு மிடறு குடித்தால் நாலு பேருமே "புகை நாற்றம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். என் கண் முன்னால் நடந்திருக்கிறது.

ஒரு நாள் மட்டும் இருந்தால் ஷ்பெட்சியால், ஷ்லெங்கர்லா இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே புகையூட்டிய மால்ட்டில் காய்ச்சுகிறவை. ஒன்று மென்மை, மற்றொன்று அழுத்தம். இரண்டு நாள் இருந்தால் பட்டியலை எப்படி நீட்டுவது என்று பின்னால் சொல்கிறேன்.

4. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரொக்கம். பல பழைய கூடங்களில் கார்டு வாங்க மாட்டார்கள். ஆளுக்கு ஐம்பது யூரோவைச் சின்ன நோட்டுகளாக வைத்துக்கொண்டால் சாப்பாட்டோடு சேர்த்து நாள் முழுக்க ஓடும்.

ரயில் டிக்கெட். கார் வேண்டவே வேண்டாம், காரணம் 9ஆம் பகுதியில். இரண்டு பேருக்கு மேல் போனால் பவேரியா முழுக்கச் செல்லும் ஒருநாள் டிக்கெட்டான பயர்ன் டிக்கெட் லாபம். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், ஆனால் மறுநாள் அதிகாலை 3 மணி வரை நீளும். ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்களில் மட்டும் ஏறக்கூடாது. டிசம்பர் நடுவில் ஐரோப்பா முழுக்க ரயில் கால அட்டவணை மாறும். நவம்பரில் பார்த்து எழுதிவைத்த கடைசி ரயில் நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள், முந்தின நாள் மறுபடி பாருங்கள்.

வயிறு. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஆனால் காரமாக வேண்டாம். இதைச் சொன்னால் நம் ஆட்கள் சிரிப்பார்கள். காலையில் பூண்டு ஊறுகாயோடு தயிர்ச் சாதம் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு மதியம் வரைக்கும் மால்ட்டின் இனிப்பு பிடிபடவில்லை. வாசனைத் திரவியமும் அன்று வேண்டாம். மூக்குதான் இங்கே பாதி வேலை செய்கிறது.

காலுக்கு ஈரத்தில் வழுக்காத ஷூ. பழைய ஊர் முழுக்கக் கல் பாவிய தெரு. பீர் குடித்தால் உடம்பு சூடேறியது போலத் தோன்றும். உண்மையில் ரத்தம் தோலுக்கு வந்து உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். தொப்பியையும் மஃப்ளரையும் கழற்றிப் பையில் போட்டுவிடாதீர்கள்.

5. முதல் நிறுத்தம் ஷ்பெட்சியால், மதியச் சாப்பாட்டோடு

ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, ஓபரெ கோனிக்ஷ்ட்ராஸெ என்ற தெரு. எதிர்ச் சாரியில் ஃபெஸ்லா ப்ரூவரி இருக்கும். அங்கே இப்போது நுழைய வேண்டாம்.

இங்கே முதலில் வரக் காரணம் இதன் லாகர். ஆல்கஹால் 4.9 சதவீதம், புகை மெதுவாக எட்டிப் பார்க்கும். நேராக ஷ்லெங்கர்லாவுக்குப் போய் அழுத்தமான புகையைக் குடித்துவிட்டு இங்கே வந்தால், இது வெறும் பழுப்பு நிறத் தண்ணீராகத் தோன்றும். நாக்கை மெல்லியதில் இருந்து கனத்ததற்குத்தான் கொண்டுபோக முடியும். திரும்பி வரும் வழி அன்றைக்கு இல்லை.

உள்ளே நுழைந்ததும் யாராவது வந்து உட்கார வைப்பார்கள் என்று வாசலில் நிற்காதீர்கள். நீளமான மேசையில் இடம் இருந்தால், அங்கே இருப்பவரிடம் "இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?" என்று கேட்டுவிட்டு உட்காரலாம். முன்பின் தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்வது இங்கே சாதாரணம். ஒரு மேசையில் மட்டும் 'ஷ்டாம்டிஷ்' என்று பலகை இருக்கும். அது தினமும் வருகிற உள்ளூர்க்காரர்களின் மேசை, காலியாக இருந்தாலும் உட்காரக் கூடாது. பக்கத்தில் வந்து அமர்கிறவர் விரல் முட்டியால் மேசையை இரண்டு தட்டு தட்டினால் அது வணக்கம். நீங்களும் தட்டலாம்.

"ஐன் ஸைட்லா, பிட்டெ" என்றால் அரை லிட்டர் வரும். கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையில் பென்சிலால் கோடு போடுவார்கள். அதுதான் உங்கள் கணக்கு. கிழித்து விளையாடுவதோ நினைவுப் பொருளாகப் பைக்குள் போடுவதோ கூடாது.

சாப்பாட்டை இங்கேயே முடித்துவிடுங்கள். மறுபடி ஷ்லெங்கர்லாவில் சாப்பிடலாம் என்று நினைத்தால், அங்கே மேசை கிடைக்காமல் வெறும் வயிற்றில் பாக் குடிக்கும் நிலை வந்துவிடும். இந்தப் பகுதியின் தனிச் சமையல் 'ஷாய்ஃபெர்லா', அடுப்பில் வாட்டிய பன்றித் தோள்கறி, மேலே மொறுமொறுவென்ற தோலோடு. 'பாம்பெர்கர் ட்ஸ்வீபெல்' என்பது பெரிய வெங்காயத்தைக் குடைந்து கொத்துக்கறி அடைத்தது. பன்றிக்கறி உண்ணாதவர்கள் இரண்டையும் கேட்டுவிட்டு வாங்க வேண்டும், இந்த ஊரில் கொத்துக்கறி என்றாலே பெரும்பாலும் பன்றிதான்.

சைவர்கள் ஏமாறும் இடம் உருளைக்கிழங்கு உருண்டை. உருண்டை சைவம், மேலே ஊற்றும் குழம்பு கறி வாட்டிய சாறு. "ஓனெ ஃப்ளைஷ்" என்று மட்டும் சொன்னால் கறித்துண்டை எடுத்துவிட்டுக் குழம்பை அப்படியே ஊற்றிவிடுவார்கள். "ஓனெ ஸோஸெ" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஷ்பெட்ஸ்லெ என்ற நூடுல்ஸ் சீஸ் போட்டுக் கிடைத்தால் அதுவே நிம்மதி. பல இடங்களில் பிரெட்ஸெல் ரொட்டியும் சீஸ் மசியலும் இருக்கும்.

கூடவே தண்ணீர் வாங்குங்கள். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும், "ஷ்டில்லெஸ் வாஸெர்" என்று சொன்னால் கேஸ் இல்லாததாக வரும். தண்ணீருக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்தவர்கள்தான் மறுநாள் காலை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கே ஒரு ஸைட்லா. இரண்டாவது வேண்டாம்.

6. நடுவில் நடந்தே போங்கள்

பஸ் இருக்கிறது, இருந்தாலும் நடங்கள். இருபது நிமிடம். கால்வாயைத் தாண்டினால் மாக்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை, அதன் பிறகு கடைத்தெரு, அப்புறம் ஆற்றின் நடுவில் பாலத்தின் மேல் நிற்கும் பழைய நகர மன்றம். டிசம்பரில் நாலேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வெளிச்சத்தில் அந்தப் பாலத்தைப் பார்க்க வேண்டுமானால் ஷ்பெட்சியாலில் இருந்து இரண்டரை மணிக்கு எழுந்துவிடுங்கள்.

சந்தையில் சூடாக க்ளூவைன் விற்பார்கள். பட்டை, கிராம்பு போட்ட இனிப்பு ஒயின். இன்றைக்கு வேண்டாம். கிராம்பும் சர்க்கரையும் நாக்கில் உட்கார்ந்துகொண்டால் அடுத்த கிளாஸ் வீண். கூட வந்த குழந்தைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் கிண்டர்புன்ஷ் என்று ஆல்கஹால் இல்லாத சூடான பானம் இருக்கிறது.

7. ஷ்லெங்கர்லாவில் முதல் கிளாஸ் மெர்ட்சன்

டொமினிகானெர்ஷ்ட்ராஸெயில் மரச் சட்டங்கள் வெளியே தெரியும் பழைய வீடு. மூன்று மணிவாக்கில் போனால் மதியக் கூட்டம் கலைந்திருக்கும், மாலைக் கூட்டம் வந்திருக்காது. இடமே இல்லையென்றால் நடைபாதைச் சாளரத்தில் கிளாஸுக்கு முன்பணம் கொடுத்து வாங்கித் தெருவில் நின்றும் குடிக்கலாம். குளிரில் பலர் அப்படித்தான் நிற்கிறார்கள். ஆனால் முதல்முறை வருகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கை விறைக்கும் குளிரில் யாரும் நிதானமாக ருசி பார்ப்பதில்லை.

பாக் குடிக்கத்தானே வந்தோம் என்று நேராக அதற்குத் தாவாதீர்கள். இந்த வீட்டின் வழக்கமான புகை பீரான மெர்ட்சனில் தொடங்குங்கள். 5.1 சதவீதம், நிறம் கிட்டத்தட்ட கறுப்பு. மரப் பீப்பாயில் இருந்து அழுத்தம் ஏதும் இல்லாமல் அப்படியே கிளாஸில் வடியவிடுகிறார்கள். அதனால் நாக்கில் குத்தும் கேஸ் குறைவு. அந்தக் குறைவு தேவைதான். கேஸ் பொங்கினால் புகை மூக்கில் ஏறி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு குடித்தால் ருசி சீக்கிரம் புரியும். முளைவிட்ட பார்லியைக் காயவைக்கும்போது அடியில் பீச் மரக்கட்டைகளை எரிக்கிறார்கள். புகை தானியத்துக்குள் ஏறுகிறது. பீரில் எஸென்ஸ் எதுவும் கலப்பதில்லை. நம் ஊரில் விறகடுப்பில் காய்ச்சிய பாலுக்கும் கேஸ் அடுப்பில் காய்ச்சிய பாலுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. எங்கள் பாட்டி வீட்டு மோரில் அந்த வாசனை இருக்கும். ஷ்லெங்கர்லாவில் எனக்கு அந்த அடுப்படிதான் நினைவுக்கு வருகிறது.

சரி, எப்படிக் குடிப்பது?

கிளாஸ் வந்ததும் உடனே முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வையுங்கள். இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். நுரை கொஞ்சம் அடங்கட்டும், குளிர் கொஞ்சம் விடட்டும்.

முதல் வாயை நிறைவாக எடுங்கள். நுனிநாக்கில் தொட்டுப் பார்ப்பது உதவாது. விழுங்கிய பிறகு வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சை வெளியே விடுங்கள். புகை அப்போதுதான் முழுதாகத் தெரியும். அநேகம் பேர் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். கருவாட்டு நெடி என்பார்கள், புகையூட்டிய கறி என்பார்கள். சொல்லட்டும். நாக்கு, தனக்குத் தெரிந்த ஒன்றோடு இதை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

பத்து நிமிடம் கழித்து, கிளாஸ் பாதியாகும் நேரத்தில், மூக்கு புகைக்குப் பழகிவிடும். விபூதி வாசனையுள்ள அறைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் அது தெரியாமல் போவது போலத்தான். புகை பின்னால் ஒதுங்கியதும், அதற்கு அடியில் இருந்தது மேலே வரும். வறுத்த ரொட்டியின் ஓரம், கருப்பட்டியின் லேசான கசப்பு, கடைசியில் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் உலர்ந்த முடிவு. மூன்றாவது கிளாஸில்தான் இந்த பீர் பிடிபடும் என்று உள்ளூரில் சொல்வார்கள். மூன்று வேண்டாம், ஆனால் ஒன்றை முழுதாக, முக்கால் மணி நேரம் எடுத்துக் குடியுங்கள்.

தோன்றுவதைப் போனில் இரண்டு வார்த்தை குறித்துக்கொள்ளுங்கள். பீர் நிபுணர்கள் எழுதும் சொற்கள் வேண்டாம். வெல்லப்பாகு, கொட்டாங்கச்சிக் கரி, வறுத்த உளுந்து என்று உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதுவே சரி. அடுத்த கிளாஸோடு ஒப்பிட அந்தக் குறிப்புதான் உதவும்.

8. இப்போது பாக்

மெர்ட்சன் முடிந்து தண்ணீர் குடித்து, கால் மணி நேரம் விட்டு ஷ்லெங்கர்லாவின் பாக்கான ஊர்பாக் கேளுங்கள். 6.5 சதவீதம், அக்டோபர் தொடங்கிக் குளிர்காலம் வரை ஊற்றுவது. மெர்ட்சனைப் போலவே பீச் மரப் புகை, ஆனால் அதைத் தாங்கும் மால்ட் கனமாக இருப்பதால் புகை குறைந்துவிட்டது போலத் தோன்றும். நிறையப் பேர் "இதில் புகையே இல்லையே" என்று கேட்கிறார்கள். இருக்கிறது, இனிப்போடு எடை சமமாகிவிட்டது. மெர்ட்சனை முதலில் குடித்தவருக்கு மட்டும்தான் இந்த வித்தியாசம் தெரியும்.

கிறிஸ்துமஸ் காலத்துக்கென்று 'ஐஹெ' என்ற டோப்பல்பாக்கும் இருக்கிறது. ஐஹெ என்றால் ஓக் மரம். பீச்சுக்குப் பதில் ஓக் புகையில் காயவைத்த மால்ட், 8 சதவீதம். புகை இன்னும் உருண்டையாக, கூர்மை இல்லாமல் இருக்கும். ஊர்பாக், ஐஹெ இரண்டையும் ஒரே மாலையில் குடிக்க வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல்முறை வருகிறவர்களுக்கு ஊர்பாக்கைத்தான் சொல்வேன், அது மெர்ட்சனோடு நேராக ஒப்பிட முடிந்த பீர். ஐஹெயைப் பாட்டிலில் வாங்கிப் போகலாம்.

பாக்கைக் குளிராகக் குடிப்பது இன்னொரு தவறு. கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருங்கள். பத்து டிகிரி பக்கம் வரும்போது உலர்திராட்சை, பேரீச்சை போன்ற வாசனைகள் எழும். ஐஸ் பெட்டிக் குளிரில் அவை உறங்கிக் கிடக்கும்.

9. எங்கே நிறுத்துவது

இது கணக்கு. அரை லிட்டர் ஊர்பாக்கில் ஏறக்குறைய 26 கிராம் ஆல்கஹால். எழுபது கிலோ எடையுள்ள ஆணுக்கு அந்த ஒரே கிளாஸ் ரத்தத்தில் 0.5 ப்ரோமிலுக்கு (ஆயிரத்தில் அரைப் பங்கு) அருகே கொண்டுபோகும். ஜெர்மனியில் கார் ஓட்டுவதற்கான எல்லையே 0.5. ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அதே கிளாஸில் எல்லை தாண்டிவிடும். உடம்பு ஒரு மணி நேரத்தில் கரைப்பது 0.1இல் இருந்து 0.15 வரைதான். காபி, குளிர்க் காற்று, நடை எதுவும் அதை வேகப்படுத்தாது.

21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், உரிமம் வாங்கி இரண்டு வருடச் சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கும் எல்லை பூஜ்யம். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாடகை இ-ஸ்கூட்டருக்கும் காரின் அதே சட்டம்தான். "கார் இல்லை, ஸ்கூட்டர்தானே" என்று ஏறியவர் ஒருவர் அபராதமும் கட்டினார், உரிமத்தையும் ஒரு மாதம் இழந்தார்.

ஆகவே ஷ்பெட்சியாலில் ஒன்று, ஷ்லெங்கர்லாவில் இரண்டு. மூன்றோடு முடியுங்கள். உட்கார ஆசையாக இருந்து, முழு கிளாஸ் வேண்டாம் என்றால் 'ஷ்னிட்' கேட்கலாம். கடைசி கிளாஸுக்கான ஏற்பாடு அது, அரை லிட்டர் கிளாஸில் வேகமாகப் பாதியளவு ஊற்றி, மீதி நுரையாகக் கொடுப்பார்கள். விலையும் குறைவு. மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், மறுநாள் காலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் மொத்தமாகவே தவிர்த்துவிடுங்கள். ஆப்பிள் ஜூஸும் சோடாவும் கலந்த அப்ஃபெல்ஷோர்லெ எல்லா இடத்திலும் கிடைக்கும்.

10. பணம் கொடுப்பது

"ட்ஸாலன், பிட்டெ" என்றால் மேசைக்கு வருவார்கள். அட்டையில் உள்ள கோடுகளை எண்ணித் தொகை சொல்வார்கள். டிப்ஸை மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள், கொடுக்கும்போதே முழுத் தொகையாகச் சொல்ல வேண்டும். 18.60 என்றால் "இருபது" என்று சொல்லிக் கொடுத்தால் போதும். தனித்தனியாகக் கட்டுவதும் இங்கே இயல்பு, கூச்சப்பட வேண்டியதில்லை.

11. இரண்டு நாள் இருந்தால்

அப்போது வரிசை மாறும். முதல் நாள் மாலை புகையில்லாத பீர், இரண்டாம் நாள் மேலே சொன்ன வழி.

முதல் நாளுக்கு வுண்டெர்பூர்க் பகுதி. ரயில் நிலையத்துக்குத் தெற்கே இருபது நிமிட நடை. மார்ஸ் ப்ராய், கேஸ்மன் இரண்டும் அங்கே ஒன்றுக்கொன்று எதிரில் இருக்கின்றன. மார்ஸில் கேட்க வேண்டியது "அ ஊ". நம் உயிரெழுத்துச் சொல்வது போலவே சொன்னால் போதும், புரிந்துவிடும். 'ஊ' என்பது அடைப்பானை இறுக்காமல் பக்குவப்படுத்திய பீர். கேஸ் வெளியேறிவிடுவதால் வயிறு உப்பாது, ரொட்டி வாசனை முன்னால் நிற்கும். கேஸ்மனில் ஹெர்ரன் பில்ஸ், கசப்பும் தெளிவும் உள்ளது. இரண்டையும் குடித்தவருக்கு, புகை சேராத ஃபிராங்கோனிய (பாம்பெர்க் இருக்கும் வட்டாரத்தின்) பீர் எப்படி இருக்கும் என்ற அடிப்படை கிடைத்துவிடும். மறுநாள் புகை வரும்போது எதன் மேல் அது ஏறியிருக்கிறது என்று புரியும்.

தங்க ஷ்பெட்சியாலிலும் எதிரே ஃபெஸ்லாவிலும் அறைகள் உண்டு. டிசம்பருக்கு அக்டோபரிலேயே சொல்லிவைக்க வேண்டும். அங்கே தங்குகிறவர்கள் மட்டும், இரண்டாம் நாள் இரவு ஊர்பாக்குக்குப் பதிலாக ஃபெஸ்லாவின் பாம்பெர்கேட்டர் டோப்பல்பாக்கை முயன்று பார்க்கலாம். 8.5 சதவீதம். அது மாடிப்படி ஏறினால் படுக்கை என்ற நிலையில் குடிக்க வேண்டிய பீர். ரயில் பிடிக்க வேண்டியவருக்கு ஆகாது.

12. ஜனவரி 5 மாலை ஊரில் இருந்தால்

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின மாலை இந்தப் பகுதியில் 'ஷ்டெர்க் அன்ட்ரிங்கன்' என்று ஒரு வழக்கம். வலிமையைக் குடித்து ஏற்றிக்கொள்வது என்று பொருள். வரும் வருடத்தின் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு ஸைட்லா, அதுவும் வலுவான பீர் என்பது சொல்வழக்கு. பன்னிரண்டை யாரும் உங்களிடம் எதிர்பார்ப்பதில்லை. ஒன்றை வாங்கி மேசையில் இருப்பவர்களோடு கிளாஸைத் தட்டினால் சேர்த்துக்கொள்வார்கள். தட்டும்போது கண்ணைப் பார்க்க வேண்டும்.

அன்று இடத்தை முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். மறுநாள் விடுமுறை என்பதால் சூப்பர் மார்க்கெட்டும் இருக்காது. காலைக்குத் தேவையான ரொட்டி, பால், பழங்களை 5ஆம் தேதி பகலிலேயே வாங்கி அறையில் வைத்துவிடுங்கள்.

13. பாட்டில் வாங்கிப் போவது

ப்ரூவரியிலேயே பாட்டில் விற்பார்கள். விலையோடு பாட்டிலுக்கு முன்பணம் சேரும். சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், கம்பி மூடி போட்டதற்கு 15. ஜெர்மனியிலேயே இருப்பவர்கள் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

இந்தியாவுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லை. அதாவது அரை லிட்டர் பாட்டில் நாலு. ஸ்காட்ச் வாங்கினால் அதுவும் இந்த 2 லிட்டருக்குள்தான் சேரும். கைப்பையில் அனுமதி கிடையாது, செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டிலையும் முதலில் பிளாஸ்டிக் பையில் கட்டி, அதற்கு மேல் ஜீன்ஸ் பேன்ட் காலுக்குள் நுழைத்துச் சுற்றுங்கள். பெட்டியின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் படுக்க வையுங்கள்.

நாலு பாட்டிலில் இரண்டு ஐஹெயாக இருக்கட்டும். ஆல்கஹாலும் மால்ட்டும் கூடியிருப்பதால் பயணத்தையும் நம் ஊர் வெயிலையும் ஓரளவு தாங்கும், வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. மெர்ட்சன் அப்படி இல்லை. வந்த வாரத்திலேயே திறந்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஊற்றினால், கூடத்தில் குடித்த அந்தச் சூட்டுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.